ஒரே தட்டில்

எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் ஈராண்டுகள் கணக்கராகப் பணியாற்றினேன். உடன் பணிபுரிந்தோர் கிறித்தவர்கள். அந்நாட்டில் இரு சமயத்தாரும் இறைச்சியைத் தனித்தனியே அறுத்துண்பர். ஆகவே, அவர்கள் அழைத்தபோதெல்லாம் மறுத்துத் தனித்தே உண்டேன். அது அவர்களை வருத்தியதை உணரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது திரும்பிய என்னை முதிய தோழர் ஒருவர் கைபற்றி அமர்த்தினார். "புதனும் வெள்ளியும் எங்கள் நோன்பு, புலால், பால், முட்டை எதனையும் தொடமாட்டோம். இன்றேனும் எங்களோடு உண்ணுங்கள்" என்றார்.

புளித்த தெஃப் மாவில் சுட்டு, ஆப்பம்போல் கண்கண்ணாக விரிந்திருந்த இன்ஜெராவின்மேல் பருப்பும் கடலைமாவுக் குழம்பும் இருந்தன. ஒரு கவளம் எடுத்து என் வாயில் ஊட்டினார்; 'குர்ஷா' என்னும் அன்புமுறை அது. அதன் புளிப்பு என் நாவுக்குப் புதிது. அடுத்த கவளத்தை நான் அவருக்கு ஊட்டினேன்.

உணவு நெறிகள் மனிதரைப் பிரிக்குமென்று எண்ணியிருந்தேன். அவர்தம் நோன்பே எங்களை ஒரு தட்டில் சேர்த்தது. அதன்பின் புதனும் வெள்ளியும் நான் தனித்து உண்டதில்லை.