இருட்டுமுன் முடிந்த மனுக்கள்

90களின் பொருளாதாரத் தடைக்குள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். மின்சாரத்தை எண்ணிச் செலவழிக்க முள்ளியவளையாருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு நான் மனுக்கள் தட்டச்சுச் செய்துகொண்டிருந்த நேரம். கைவசம் இருந்தவை இரண்டு பழைய மடிக்கணினிகள். ஒன்றில் 2008இல் வந்த இன்டெல் அட்டொம் என்270, 2.5 வாட். மற்றதில் 2017இன் கோர் ஐ5-8250யூ, 15 வாட். சின்னதுதான் சிக்கனம் என்று நம்பினேன்.

கடிதம் எழுத அது தாராளமாய்ப் போதும். ஆனால் அடையாள அட்டை, பழைய படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கச் சொன்னால் அரை மணித்தியாலம் திணறும். அவ்வளவு நேரமும் திரையும் மற்றப் பாகங்களும் பற்றரியைக் குடித்தபடி இருக்கும். ஈர விறகில் உலை வைத்த கதைதான்! வாட்டை மட்டும் பார்த்தேன், நேரத்தால் பெருக்க மறந்துபோனேன். மற்றதின் 15 வாட்டோ கடும் வேலைக்கான கணக்கு. சும்மா இருக்கையில் மிகக் குறைவாகவே எடுக்கும். அதே கோப்பை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓய்ந்துவிட்டது.

அன்று இருட்டுமுன் ஏழு மனுக்கள் முடிந்தன. கடைசியாய் வந்த அம்மா, மகனின் படத்தைத் திரையில் இன்னும் கொஞ்ச நேரம் விடச் சொன்னா. பற்றரி முடியுமட்டும் விட்டேன்.