பனமலை விமானம்

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? “அது எங்கே இருக்கிறது?” என்றுதான் கேட்பீர்கள். உங்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. விழுப்புரம் ஜங்ஷன் என்றால் எல்லாருக்கும் தெரியும். திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று நாலா பக்கமும் ரெயில் பாதை பிரிகிற இடம். வண்டி நிற்கும், இறங்கி ஒரு காப்பி வாங்குவோம், வண்டி கிளம்பிவிடுமோ என்ற பயத்தில் பாதிக் காப்பியைக் கீழே கொட்டிவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வோம். விழுப்புரத்துக்கும் நமக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவுதான்.

அடுத்த தடவை தயவு செய்து ஸ்டேஷனை விட்டு வெளியே வாருங்கள். ஒரு கார் பேசிக்கொண்டு செஞ்சி சாலையில் போங்கள். வழியில் மண்டகப்பட்டு வரும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாமல் ஆலயம் எடுத்தேன் என்று மகேந்திர பல்லவர் கல்வெட்டில் பெருமையாக எழுதி வைத்த குகைக் கோயில் அங்கேதான் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டுக் கிளைச் சாலைகளில் புகுந்து போனால், பரந்து கிடக்கும் ஓர் ஏரியும், கரையெல்லாம் பனைமரங்களும், ஏரியை ஒட்டினாற்போல் ஒரு சின்னக் குன்றும் தென்படும். குன்றின் தலையில் ஒரு கோயில். அதுதான் பனமலை. ஸ்வாமியின் பெயரும் அதற்குப் பொருத்தமாக தாளகிரீசுவரர். தாளம் என்றால் வடமொழியில் பனை.

நாங்கள் போனது தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் என்றால் நான், என் மனைவி, என் அத்தை. அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. எந்த விஷயத்தைப் பற்றியும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைக் கேட்க யாரும் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

“ஏறிவிடுவாயா, அத்தை?” என்று கேட்டேன்.

“ஏறுவதற்கென்ன? இறங்கும்போது கேள்” என்றாள்.

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே இருக்கும் கோயிலைக் கட்டியவர் ராஜசிம்மன் என்று பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவர். காஞ்சி கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எடுத்தாரே, அதே ராஜசிம்மன்தான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். தூணுக்குத் தூண் சிங்கங்கள் முன்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கருவறையில் லிங்கத்துக்குப் பின்னால் சுவரில் சோமாஸ்கந்தர். விமானத்தைச் சுற்றிப் பக்கவாட்டில் சின்னச் சின்னச் சந்நிதிகள். வடக்கே இருக்கிற சந்நிதிக்குள் குனிந்து போய், கண் இருட்டுக்குப் பழகும் வரையில் பொறுமையாக நில்லுங்கள். மெதுவாக ஒரு முகம் சுவரிலிருந்து வெளியே வரும்.

ஆகா! பார்வதி தேவி. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்து, உடலை ஒயிலாகச் சாய்த்து நிற்கிறாள். என் மனைவி பத்து நிமிஷம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அம்பாள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் தெரியுமா? சிவபெருமானின் நடனத்தை. ஆனால் ஆடுகிறவரின் உருவம் ஏறக்குறைய அழிந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் சில கோடுகளும் வர்ணத் திட்டுகளும் தெரியும், அவ்வளவுதான். ஆட்டம் போய்விட்டது; அதைப் பார்த்து லயித்த முகம் மட்டும் 1,300 வருஷமாக அப்படியே இருக்கிறது.

வெளியே வந்ததும் அத்தை அண்ணாந்து பார்த்து, “இதற்கும் விமானம் என்று பெயர், ஆகாயத்தில் பறக்கிறதற்கும் விமானம் என்று பெயர். இது எங்கே பறந்தது?” என்றாள். பதில் சொல்ல நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஏரிக்கரையில் ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். தொடர்ந்து பையன்களின் கூச்சல். ஏதோ ஒன்று தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பனைமரத்துக்கு மேலே போய், குட்டிக்கரணம் போட்டு, ‘சொத்’தென்று விழுந்தது.

படி இறங்கி வந்து பார்த்தோம். இறங்குவது என்று சொல்லிவிட்டேன். அதற்குள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஏறும்போது முன்னால் போன அத்தை, இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் காலை வைத்துப் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முன்னால் தள்ளாமல் இழுத்து நிறுத்தி நிறுத்தி வந்தாள். ஏறினதற்கு ஆன நேரத்தைப் போல் இரண்டு பங்கு ஆயிற்று.

கீழே நாலைந்து பையன்கள். ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அடைப்பானில் செருகிய சைக்கிள் வால்வு, காற்றடிக்கும் பம்ப்பு. பாட்டிலின் வாய்ப்பக்கத்தைச் சுற்றி ஈர்க்குக் குச்சியால் நாலு கால் கட்டியிருந்தார்கள்.

“ராக்கெட்டுக்குக் கால் எதற்கடா?” என்றேன்.

பெரியவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். “மேல போறது பெருசு இல்ல சார். நின்னுக்கினு எறங்கணும்.”

“ஒரு குடைத் துணியைக் கட்டி விட்டால் மெதுவாக இறங்குமே?”

“நெலாவுல காத்தே கெடையாதே சார், பாராசூட்டு எப்பிடி வேல செய்யும்? இஞ்சின் போட்டுத்தான் எறங்கணும். நம்ம விழுப்புரத்துக்காரரு அப்பிடித்தான் எறக்கினாரு, ஆயாவுக்கே தெரியும்!” என்று அத்தையைச் சாட்சிக்கு இழுத்தான். அத்தைக்கும் தெரிந்துதான் இருந்தது. எனக்கு மட்டும்தான் கொஞ்சம் வெட்கமாய்ப் போய்விட்டது.

விழுப்புரத்துக்காரர் யார் என்று உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல். தகப்பனார் ரெயில்வேயில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவர். பிள்ளை படித்தது விழுப்புரம் ரெயில்வே பள்ளிக்கூடத்தில்; அப்புறம் அதே ஊரில் மெக்கானிகல் டிப்ளமா; பிறகு என்ஜினீயரிங் கல்லூரி, திருச்சியில் மேல்படிப்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம். நாம் காப்பி குடித்துவிட்டு ஓடி வருகிற ஸ்டேஷனின் நிழலில் வளர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2019 செப்டம்பர் 7-ந் தேதி பின்னிரவு உங்களில் எத்தனை பேர் கண் விழித்திருந்தீர்கள்? சந்திரயான்-2 இறங்கப் போகிறது என்று குழந்தைகளைக்கூட எழுப்பி உட்கார வைத்திருந்தோம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது; நிலவின் தரைக்கு மேல் ஏறக்குறைய இரண்டு கிலோ மீட்டர் இருக்கும்போது தகவல் நின்றுவிட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் மு. வனிதா என்ற பெண்மணி. என்ன ஆயிற்று என்று பின்னால் விஞ்ஞானிகள் விவரித்தார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததற்கு மேல் கொஞ்சம் அதிகமாகவே தள்ளிவிட்டன. அந்தப் பிசகைச் சரிக்கட்ட வண்டி வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அவ்வளவு வேகமாகத் திரும்ப அதற்கு உத்தரவு இல்லை. இறங்கக் குறித்திருந்த இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

பால் காய்ச்சுகிறவர்களுக்கு இதில் உள்ள கஷ்டம் உடனே புரியும். பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்க வேண்டும். ஒரு க்ஷணம் முந்தினால் பால் காயவில்லை. ஒரு க்ஷணம் பிந்தினால் அடுப்பெல்லாம் பால். இறங்குகிற ராக்கெட்டும் அப்படித்தான். எஞ்சினை முன்னாலேயே நிறுத்தினால் தொப்பென்று விழும். பின்னால் நிறுத்தினால் மறுபடி மேலே கிளம்பும். இதற்கு நடுவில் கையில் நிறுத்திய கழியைப்போல் சாயாமலும் இருக்க வேண்டும். அத்தனையும் மனிதர் கை படாமல், தானே யோசித்துத் தானே செய்ய வேண்டும்.

சந்திரயான்-3-ல் என்ன செய்தார்கள் தெரியுமா? எது எது சரியாக நடக்கும் என்று பார்ப்பதை விட்டு, எது எது தவறலாம் என்று முதலில் கணக்கெடுத்தார்கள். கல்யாண வீட்டில் அனுபவம் உள்ள மாமிகள் செய்கிற காரியம்! இறங்கும் இடத்தை 4 கிலோ மீட்டர் நீளமும் 2.4 கிலோ மீட்டர் அகலமுமாகப் பெரிதாக்கினார்கள். கால்களுக்கு வலுவேற்றினார்கள். ஹெலிகாப்டரில் கட்டித் தொங்க விட்டும், ஸ்ரீஹரிகோட்டாவில் உயரமான கிரேனில் தொங்க விட்டு எஞ்சினை எரித்தும் பரீட்சை செய்தார்கள். காலைச் சோதிக்க நிலவு மண்ணுக்கு எங்கே போவது? நாமக்கல் ஜில்லாவில் சித்தம்பூண்டி என்று ஒரு கிராமம். அங்கே கிடைக்கிற அனார்த்தசைட் பாறை நிலவின் பாறையை ஒத்திருக்கிறதாம். அதைப் பொடியாக்கி, அந்த மண்ணில் சோதனை நடத்தினார்கள்.

2023 ஆகஸ்டு 23, மாலை 6 மணி 4 நிமிஷம். நாலு காலும் தரையில் பட நின்றது விக்ரம். நிலவின் தென் துருவப் பக்கத்தில் அதற்கு முன் எவரும் அப்படி இறங்கியதில்லை. இஸ்ரோவின் யூடியூப் ஒளிபரப்பை மட்டும் ஒரே சமயத்தில் 80 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள் என்றால் ஜனங்களின் பரபரப்பை என்னவென்று சொல்ல! வீரமுத்துவேலும், துணைத் திட்ட இயக்குநர் கல்பனாவும் பேசியது ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்த மாலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வண்டியின் தோற்றம் அல்ல. மூச்சை அடக்கிக்கொண்டு திரையைப் பார்த்திருந்த அந்த முகங்கள்தான். தமிழக அரசு கொடுத்த 25 லட்ச ரூபாய்ப் பரிசை வீரமுத்துவேல் தாம் படித்த கல்வி நிலையங்களுக்கே கொடுத்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பையன்கள் அதோடு விடவில்லை. “அப்புறம் குதிச்சுதே, அது?” என்றான் சின்னவன். எல்லாரும் மறந்து போன விஷயம் அதுதான். செப்டம்பர் முதல் வாரத்தில், நிலவில் இருட்டுவதற்கு முன்னால், மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டு விக்ரமின் எஞ்சின்களை மறுபடி எரிய விட்டார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் எழும்பி, 30, 40 சென்டிமீட்டர் தள்ளி மறுபடி பத்திரமாக உட்கார்ந்தது. நம் வீட்டு வாசற்படி உயரத்துக்குச் சற்று மேல்! ஆனால் நின்ற இடத்திலிருந்து நேரே எழும்பி நேரே இறங்கியதே, அதுதான் விசேஷம். நிலவிலிருந்து மண்ணை எடுத்து வரப் போகும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. திரும்பி வர வேண்டுமானால் முதலில் எழும்பத் தெரிய வேண்டாமா?

பூமியில் இந்த வித்தைக்கு அமெரிக்காவில்தான் பெரிய கூட்டம் கூடுகிறது. 1993-லேயே டி.சி.-எக்ஸ் என்ற சின்ன ராக்கெட்டை நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் ஏற்றி இறக்கிக் காட்டினார்கள். 2015 டிசம்பரில் ஸ்பேஸ் எக்ஸின் பால்கன்-9, செயற்கைக் கோள்களை அனுப்பிவிட்டு, 40 மீட்டருக்கு மேல் உயரமான அதன் அடிப்பாகம் மட்டும் திரும்பி வந்து நின்றது. அப்படி வந்த ஒன்றையே முப்பது தடவைக்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள். இதில் என்ன லாபம் என்கிறீர்களா? சென்னையிலிருந்து விழுப்புரம் வந்து சேர்ந்ததும் ரெயில் எஞ்சினைக் கடலில் தள்ளிவிட்டு, அடுத்த வண்டிக்குப் புது எஞ்சின் செய்வது போலத்தான் அதுவரையில் உலகம் நடந்துகொண்டிருந்தது!

டெக்ஸாஸ் கடற்கரையில் ஸ்டார்ஷிப் சோதனைகளைப் பார்க்க ஜனங்கள் மடக்கு நாற்காலியோடு வந்து காத்துக் கிடந்தார்கள். 2020 டிசம்பரிலிருந்து வரிசையாக நாலு ராக்கெட் வெடித்தன. 2021 மே மாதம் ஐந்தாவது ஒழுங்காக நின்றது. 2024 அக்டோபர் 13-ந் தேதி, ஏறக்குறைய ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரமுள்ள அடிப்பாகம் இறங்கி வர, அதைக் கோபுரத்தின் இரண்டு இரும்புக் கைகள் பிடித்துக்கொண்டன. காலே வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள்!

நம் ராக்கெட்டின் அடிப்பாகம் இன்னும் அப்படித் திரும்பி வந்து நிற்கவில்லை. இஸ்ரோவின் ‘புஷ்பக்’ 2023-லும் 2024-லும் சித்திரதுர்க்கத்தில் மூன்று தடவை இறங்கியது. ஆனால் அதற்குச் சிறகு உண்டு, ஓடுபாதையில் ஓடி நிற்கும். அடிப்பாகத்தை மறுபடி உபயோகிக்கும்படியான புதிய ராக்கெட்டுக்கு 2024-ல் 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் சில தடவை விழத்தான் விழும். அன்றைக்கு நம் ஜனங்கள் ‘பணம் பாழ்’ என்று சொல்லாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

அத்தைக்கு அந்தக் கவலை இல்லை. “இறங்குகிற கஷ்டம் இறங்கினவர்களுக்குத்தான் தெரியும்” என்று சொல்லி, கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பையன்களிடம் கொடுத்துவிட்டாள். நாங்கள் இருந்தபோது பாட்டில் இன்னும் மூன்று தடவை போயிற்று. மூன்று தடவையும் படுத்துக்கொண்டுதான் இறங்கிற்று.

பனமலைக்குப் போகிறவர்கள் காலை வெயில் ஏறுவதற்குள் மலையேறிவிடுங்கள். கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஊரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சித்திரத்தைக் கையால் தொடாதீர்கள். பக்கத்தில் சின்னக் குகையில் மகிஷாசுரமர்த்தினியின் சிற்பம் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டு போவது நல்லது. தண்ணீர் தீர்ந்ததும் பாட்டிலை எறிந்துவிட வேண்டாம். ஏரிக்கரையில் அதற்கு ஆள் இருக்கிறது.