பேராசிரியரை மறுத்தவர்கள்

எதிர்த்தரப்பு நிபுணரான பேராசிரியரின் தன்விவரம் மட்டுமே பதினாறு பக்கம். அதைப் பினாங்கின் பாகான் டாலாமில் என் கட்சிக்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் முதலில் புரட்டினேன். படிக்கப் படிக்கக் காப்பி ஆறிப்போனது.

கட்சிக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயில் பஜனையில் முன்பாட்டு அவருடையது. தைராய்டு அறுவைக்குப் பிறகு கிசுகிசுப்புதான் மிச்சம். குரல்நாண்களை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. அதில் அடிபடலாம் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை என்பதே எங்கள் வழக்கு. கத்தி பிடித்த கையை நாங்கள் குறை சொல்லவில்லை.

பேராசிரியருக்கு நூற்றுக்கும் மேல் கட்டுரைகள், எச்-குறியீடு 32. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு அது. 32 என்றால், தலா 32 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 32 கட்டுரைகள் அவருக்கு உண்டு. எங்கள் சாட்சியான ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் எழுதியதோ மொத்தம் நான்கு. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தனித் தேர்ச்சி உண்டா என்றுதான் கேட்கிறது, கட்டுரைகளை எண்ணச் சொல்லவில்லை. தெரிந்தும் பயந்தேன்.

மேற்கோளை எண்ணும் யோசனையே எங்கள் தொழிலிலிருந்து போனதுதான். ஒரு தீர்ப்பைப் பிற்காலத்தில் யார் பின்பற்றினார்கள், யார் விலக்கினார்கள், யார் தள்ளினார்கள் என்று காட்டும் ‘ஷெப்பர்ட்ஸ்’ பட்டியல் 1873லிருந்து அமெரிக்க வழக்கறிஞர்கள் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் அறிவியலுக்கும் ஒரு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று எழுதினார். பட்டியல் அறிவியலுக்குப் போனது; ‘பின்பற்றப்பட்டது’, ‘தள்ளப்பட்டது’ என்ற குறிப்பு அதோடு சேர்ந்து போகவில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ 2010இல் திரும்பப் பெற்றது. அதை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பாலோர் மறுக்கத்தான் காட்டினார்கள். எண்ணிக்கையில் அதுவும் சேர்த்தி.

ஆகவே பேராசிரியரின் பிரபலமான கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டியவர்கள் ஏன் காட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று வார இரவுகள். பலர் மறுத்திருந்தார்கள். ஆயுதம் கிடைத்துவிட்டது என்று ஃபெர்ரி ஏறி, லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் அதை நீட்டினேன்.

பேராசிரியர் அசையவில்லை. “மறுக்கிறார்கள் என்றால் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்” என்றார். நீதிபதி சிரித்தார். நான் உட்கார்ந்தேன்.

மதிய இடைவேளையில் கட்சிக்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, அவரு எத்தனை எழுதினா நமக்கென்ன? கையெழுத்து வாங்குறப்ப இவருகிட்ட யாரு பேசினா? அதைக் கேளுங்க.”

வெட்கமாக இருந்தது. சட்டமும் அதையேதான் சொல்கிறது. ஒரு மருத்துவர் செய்தது, மருத்துவர்களில் பொறுப்புள்ள ஒரு சாராரின் நடைமுறைக்குள் இருந்தால் போதும், அது அலட்சியம் ஆகாது என்பது 1957ஆம் ஆண்டின் போலம் தீர்ப்பு. ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமைக்கு அந்த அளவுகோல் ஆகாது, அதை நீதிமன்றமே முடிவு செய்யும் என்று 2006இல் ஃபூ ஃபியோ நா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் பதினாறு பக்கத்தோடு எனக்கு என்ன சண்டை?

மதியம் பேராசிரியரிடம் கேட்டது ஒரே கேள்வி. இந்த அறுவைக்கு முன்னால், குரல் போகலாம் என்று உங்கள் நோயாளியிடம் சொல்வீர்களா?

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் பதில் வந்துவிட்டது. “சொல்வேன். எப்போதும்.”

சாயங்காலம் தாழ்வாரத்தில் பேராசிரியரே என்னிடம் வந்தார். மறுத்தவர்களில் கடைசியாக எழுதியவரைப் படித்தீர்களா என்றார். படித்தேன் என்றேன்.

“அவர் சொன்னதுதான் சரி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தீர்ப்பு வரை போகாமல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. தொகையை வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. கையெழுத்துப் போட வந்த பெரியவர் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லச் சொன்னார். கடைசிப் பக்கம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது.