மரை கழண்ட கதை

ஹாஸ்டலில் இருந்து எங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். மூணு வருஷம் நடந்தே ஓட்டிட்டேன். ஃபைனல் இயர் புராஜெக்ட் வந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் லேபில் கிடக்க ஆரம்பித்ததும் அப்பாவிடம் சைக்கிளுக்குக் காசு கேட்டேன். ஏழாயிரம் அனுப்பினார்.

முதலில் கடைக்குத்தான் போனேன். காலேஜ் கேட்டுக்கு எதிரே ஒரு சின்னக் கடை. பிடித்த சைக்கிள் 7,900 ரூபாய். கடைக்கார அண்ணன் நூறு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. "யோசிச்சுட்டு வர்றேங்ண்ணா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்று போனில் தேடினேன். கிட்டத்தட்ட அதே சைக்கிள், 6,700. ரோட்டைத் தாண்டுவதற்குள் ஆர்டர் போட்டாச்சு.

இதில் தப்பு எதுவும் இல்லை என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். என் கிளாஸ்மேட் ஒருத்தி கடைக்குப் போனால், என்ன கேட்டாலும் முன்னாடி கூடை வைத்த லேடீஸ் சைக்கிளைத்தான் காட்டுகிறார்களாம். ஆன்லைனில் அவள் உயரத்துக்கு ஏற்ற ஃபிரேமைப் பார்த்து வாங்கினாள். அட்வைஸ் எதுவும் கூட வரவில்லை.

எனக்கு வந்தது அட்டைப் பெட்டி. 85 சதவீதம் பூட்டித்தான் அனுப்புவார்கள். முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட், பெடல் எல்லாம் நம்ம வேலை. மிச்சம் 15 சதவீதத்துக்கு நாலு வருஷ மெக்கானிக்கல் போதாதா? ரூம்மேட்ஸ் மூணு பேர் வேடிக்கை பார்க்க, இடது பெடலை எடுத்து மாட்டினேன். இறுக்கமாக இருந்தது. ஸ்பேனரில் ஏறி நிற்காத குறையாகத் திருகினேன். அடுத்து வலது பக்கம். அந்தப் பெடல் ஏறவே இல்லை, சும்மா சுத்துது. அப்புறம்தான் அச்சு முனையில் எல், ஆர் என்று பொறித்திருப்பதைப் பார்த்தேன். ரெண்டையும் மாற்றி மாட்டினேன். இடது பெடல் லேசாக ஆடியது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

மூணாவது நாள் ராத்திரி, சாப்பிடப் போக மெயின் ரோட்டில் திரும்பும்போது அந்தப் பெடல் காலோடு கையோடு கழண்டு விழுந்தது. நானும் விழுந்தேன். பின்னாடி வந்த டவுன் பஸ் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கு.

மறுநாள் அதே கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. சைக்கிளைப் பார்த்தார், முட்டிக் காயத்தைப் பார்த்தார். எங்கே வாங்கினேன் என்று கேட்கவே இல்லை.

"மரை போச்சுங்க தம்பி. லெஃப்ட் பெடலுக்கு மரை எதிர்ப் பக்கம் ஓடுமுங்க. இல்லீனா மிதிக்க மிதிக்கத் தானா கழண்டுக்கும்."

இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு, 'மரை கழண்டவன்' என்றால் லூசு என்று மட்டும்தான் தெரியும். மரை என்றால் த்ரெட் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. த்ரெட் பிட்ச், மேஜர் டயாமீட்டர் எல்லாம் எழுதி மார்க் வாங்கியவன் நான். லெஃப்ட் ஹேண்ட் த்ரெட்டுக்கும் ரெண்டு மார்க் கேள்வியில் பதில் எழுதியிருக்கிறேன். உதாரணம்கூட சைக்கிள் பெடல்தான்!

இடது கிராங்க் 280. அதை மாற்றி, முன் சக்கரத்தில் கோட்டம் எடுக்க 180. அவரிடம் வாங்கிய சைக்கிளுக்குக் கூலி வாங்க மாட்டாராம். கூட்டிப் பார்த்தால் 7,160. இன்னமும் எனக்கு 740 ரூபாய் லாபம்தான், பஸ்ஸைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

புது கிராங்கைப் போட்டுவிட்டு ஸ்பேனரை என் கையில் கொடுத்தார். "எந்தப் பக்கம் திருப்போணும், சொல்லுங்க?" சொன்னேன். "அப்ப நீங்களே பூட்டுங்க" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி அப்பா போன் பண்ணி, சைக்கிள் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்.

"6,700ப்பா" என்றேன்.