கப்பலின் பெயர்

கல்முனையிலிருந்து தெற்கே, காரைதீவைத் தாண்டினால் நிந்தவூர். மேற்கே வயல், கிழக்கே கடல். 2004 சுனாமியில் அந்தக் கடலிடமே உயிர்களைக் கொடுத்த ஊர். இன்றும் பிழைப்புக்குக் கடலைத்தான் பலர் நம்புகிறார்கள்.

கொரோனாக் காலத்தில் பல துறைமுகங்கள் ஆள் இறக்க விடவில்லை. 2020 ஏப்ரல் 6ஆம் திகதி எம்.எஸ்.சி. மக்னிஃபிகா என்ற உல்லாசக் கப்பல் கொழும்புக்கு வந்தது. அதிலிருந்த இலங்கைச் சமையற்காரர் தன்னை இறக்கிவிடும்படி காணொளியில் மன்றாடியிருந்தார். கடற்படையினர் இறக்கினார்கள். வேறு கப்பல்களில் பலர் மாதக்கணக்கில் கிடந்தார்கள், சிலர் சம்பளமுமின்றி.

நிந்தவூரில் ஓர் உம்மாவின் மகனும் அப்படி அகப்பட்டிருந்தார். “கப்பலின் பேர் என்ன உம்மா?” என்றேன்.

“வெள்ளைக் கப்பல், மகள்.”

பெயர் தெரியாமல் எந்த அலுவலகத்தில் கேட்பது? காணாமல் போனவர்களைத் தேடி அலைந்த சகோதரிகளே, துண்டுக் கடதாசியின் பெறுமதி உங்களுக்குத் தெரியும். கப்பலின் பெயர், கம்பனி, கடவுச்சீட்டு இலக்கம், ஒப்பந்தப் பிரதி எல்லாவற்றையும் பயணத்துக்கு முதலே வாங்கி வையுங்கள்.