ஓரத்தில் எழுதிய பென்சில் சொற்கள்

வீடு மாறியபோது ஒரு அட்டைப்பெட்டி எங்கோ தவறிவிட்டது. அதில்தான் இருந்தது ‘தி ஃபாண்டம் டோல்பூத்’. மகனுக்கு ஒன்பது வயதில் ராத்திரிதோறும் நான் படித்துக்காட்டிய புத்தகம்.

நார்ட்டன் ஜஸ்டர் எழுதி, ஜூல்ஸ் ஃபைஃபர் படம் வரைந்து, 1961-இல் அமெரிக்காவில் வந்த நாவல். ஜஸ்டர் தொழிலால் கட்டடக் கலைஞர். எதிலும் மனம் ஒட்டாத மைலோ என்ற பையனின் அறைக்கு ஒருநாள் பார்சலில் ஒரு சுங்கச்சாவடி வருகிறது. தன் சின்னக் காரில் அதைத் தாண்டினால் சொற்களுக்கு ஒரு ஊர், எண்களுக்கு ஒரு ஊர்.

ஆங்கிலத்தில் ஒரு வரி படிப்பேன், உடனே தமிழில் சொல்வேன். ‘வாட்ச்டாக்’ என்றால் காவல் நாய். ஆனால் இந்த நாய்க்கு உடம்பே கடிகாரம். சிலேடை போய்விடுமே என்று தயங்கித் தயங்கி, “கடிகார நாய்” என்றேன். “அதான் பேர்லயே கடி இருக்கேம்மா!” என்று போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். அந்த நாயின் அண்ணனுக்கு ‘டிக்’ என்று பெயர் வைத்தார்களாம், அவன் ‘டாக், டாக்’ என்றே சத்தம் போட்டானாம். அதனால் தம்பிக்கு ‘டாக்’ என்று வைத்தால், இவன் ‘டிக், டிக்’ என்கிறான். அந்த இடத்தை மட்டும் நாலு தடவை படிக்கச் சொன்னான்.

சொற்களின் ஊர் ராஜா வைக்கும் விருந்தில் அவரவர் பேசிய பேச்சே சாப்பாடாக வரும். “வார்த்தையை மென்னு முழுங்குறது இதுதாண்டா” என்றேன். எல்லோரும் வாயை மூடினால்தான் நகரும் வண்டிக்கு ‘சொல்லாமல் கொள்ளாமல் வண்டி’ என்று பெயர் வைத்தோம். சாப்பிடச் சாப்பிடப் பசிக்கும் ‘கழித்தல் குழம்பு’ வேறு. ஆகாயத்தில் நிற்கும் கோட்டைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, மனக்கோட்டைதான். எல்லாவற்றையும் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இதை வாங்கிவிடுங்கள். கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு பென்சிலும் இருக்கட்டும்.

போன மாதம் புதுப் பிரதி வாங்கினேன். ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. நினைவில் இருந்ததை எல்லாம் திரும்ப எழுதிக்கொண்டே வந்தேன். ஹம்பக் என்ற அந்த வாய்ச்சவடால் பூச்சிக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அது மட்டும் பிடிபடவில்லை. மகனுக்குப் போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அவனுக்கும் வரவில்லை.