ஒரே மலை, ஒரு வருஷம்

"ஏன்டா, எப்பப் பாத்தாலும் இந்த ஒரு மலையைத்தான் அனுப்புற? அங்க வேற ஊரே இல்லையா?"

போன்ல அம்மா கேட்டது நியாயமான கேள்விதான்.

அரிசோனாவுக்கு ஆணி புடுங்க அனுப்பினப்ப, பாலைவனம்னா மணலும் ஒட்டகமும்னு நினைச்சுக்கிட்டுப் போனவன் நான். ஃபீனிக்ஸ்ல இறங்கினா மணலையே காணோம். 40 அடி வரைக்கும் வளர்ற சகுவாரோ கள்ளிங்க, முள்ளுப் புதர், கிழக்கே மதில் சுவர் மாதிரி சூப்பர்ஸ்டிஷன் மலை. விடுவேனா? கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

முதல் மூணு வாரமும் மொக்கைப் படம்தான் :-( அதிகாலைல போனா சூரியன் மலைக்குப் பின்னாடி, பாறை எல்லாம் கருப்பு. மலையோட செங்குத்துப் பக்கம் மேற்கைப் பாத்து நிக்குதுன்னு அப்புறம்தான் உறைச்சது. சாயங்காலம் போனேன். பாறை செங்கல் மாதிரி செவந்து நின்னுச்சு.

வெயில் பத்தி கேக்காதீங்க. 2023-ல ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் பகல் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியிருக்கு. ஆனா ஜூலை, ஆகஸ்ட்ல இடி மின்னலோட பருவமழையும் உண்டு. காஞ்சு கிடக்கிற ஓடையில திடீர்னு வெள்ளம் வரும். தடுப்பைத் தாண்டி காரை விட்டு மாட்டினா, மீட்புச் செலவை நம்ம தலையிலயே கட்டலாம்னு 1995-ல சட்டமே போட்டிருக்காங்க. ஊர்க்காரங்க அதுக்கு வச்ச பேர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'. அதனால சமர்த்தா ரோட்டோரம் நின்னுதான் மின்னல் எடுத்தேன்.

மார்ச்ல அடிவாரம் முழுக்க மஞ்சள் பாப்பிப் பூ. நம்ம பாடம்தான் தெரியுமேன்னு சாயங்காலம் போனா, எல்லாப் பூவும் மூடிக்கிச்சு! நல்ல வெயில்லதான் அது விரியுமாம். மறுநாள் நடுப்பகல்ல திரும்பப் போனேன்.

ஆனா விட்டது ஒண்ணு இருக்கு. ஜனவரில ஒரு காலைல ஆபீஸ் ஜன்னல் வழியாப் பாத்தா, மலை உச்சி வெள்ளையா இருக்கு. பனி! அன்னிக்குன்னு பார்த்து ரிலீஸ். ரெண்டு மணி நேரம் விடுங்கன்னு கேட்டிருக்கலாம், கேக்கலை. நாலு மணிக்கு ஓடினேன். நான் எதிர்பார்த்த அதே வெளிச்சம். பனிதான் இல்லை. உச்சியில ஒரு பாறை இடுக்குல மட்டும் கொஞ்சம் மிச்சம். அந்த ரிலீஸ் எதுக்குன்னு இன்னிக்கு எனக்கே ஞாபகம் இல்லை.

அந்தப் படத்தையும் அனுப்பினேன்.

"மேல வெள்ளையாத் தெரியுதாம்மா?"

"தூசி மாதிரி இருக்குடா. லென்ஸைத் தொடைச்சியா?"

இப்ப ஊருக்குத் திரும்பியாச்சு. போன வாரம் அம்மாவே கேட்டாங்க, "அந்த மலைப் படம் ஒண்ணு ஹால்ல மாட்டலாமா?"னு. செவந்த பாறை, மின்னல், பாப்பின்னு நல்ல படம் எவ்வளவோ இருக்கு. நான் அந்தத் தூசிப் படத்தைத்தான் பிரேம் போடக் குடுத்திருக்கேன்.